பகலிலேயே தீர்ந்துபோன வெயில்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நோன்பு திறக்கும் மஹ்ரிபுக்கென்று சேமிக்க வேண்டிய வெயிலை, நோன்பு பிடித்துக்கொண்டு நானே தூங்கித் தீர்த்தேன்.

கூரையில் சோலார் போட்டதிலிருந்து கல்முனைச் சந்தையில் கண்டவருக்கெல்லாம் வகுப்பெடுத்தேன். நோன்பு மாத நடுப்பகலில் வெயில் கொட்டுகிறது, அடுப்பு எரிவதில்லை. பின்னேரத் தொழுகை அஸர் தாண்டினால் ஊரே ஒன்றாகக் கரண்டைக் கேட்கிறது, வெயிலோ இறங்கிவிடுகிறது. ஆகவே பெட்டரி வேண்டும். வாங்கினேன்.

பெட்டரி எங்களுக்குப் புதிதல்ல. ஊரில் கரண்ட் இல்லாத யுத்த காலத்தில் வாப்பா கார் பெட்டரியைச் சைக்கிள் கரியலில் கட்டி நெல் மில்லுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிவருவார். மாலையில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கள் டீவிக்கு முன்னால் இருக்கும். கதாநாயகிக்குத் தாலி ஏறப்போகும் நேரம் வாப்பா கையில் இடுக்கிக் குறட்டோடு எழும்பிப் பெட்டரி வயரைக் கழற்றுவார். "மிச்சம் நாளைக்குச் செய்தி பாக்க." எத்தனை கல்யாணங்கள் அப்படி நின்றுபோயின! ஒழுங்கை விட்ட அந்த ஒரே பெருமூச்சு இன்னும் காதில் இருக்கிறது.

மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தோம். அவளுக்குக் கொடுக்கப்போகும் வீடு இதுதான். மாப்பிள்ளை வீட்டார் முதல் தடவையாக நோன்பு திறக்க வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா எங்கள் பழைய ஒழுங்கைக்காரர்.

"இஞ்ச பாருங்க, பின்னேரத்துல கரண்ட் போகுது. வாற ஆக்களுக்கு முன்னால எண்ட மானத்த வாங்கிராதீங்க" என்று மனைவி காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"நம்மட ஊட்டுல போகாது புள்ள. பெட்டரி இரிக்கி."

நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு ஏசியைப் போட்டுப் படுத்தேன். சும்மா கொட்டுகிற வெயில்தானே. பெட்டரி அரச கரண்டில் சார்ஜ் ஏறாதபடி சுவிட்சையும் வீம்புக்கு மாற்றிவைத்திருந்தேன். எழும்பியபோது அஸர் தவறப்பார்த்தது.

பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக் காத்திருந்தபோது லைன் கரண்ட் போனது. "இப்ப பாருங்க" என்றேன். பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. பெட்டரி ஒரு தரம் கீச்சிட்டு அடங்கியது. பள்ளிவாசல் மட்டும் தன் பெட்டரியில் கணீரென்று பாங்கு சொன்னது.

மனைவி போன் வெளிச்சத்தில் கஞ்சி ஊற்றினாள். என் பக்கம் அவள் திரும்பவில்லை. அது அந்த இருட்டிலும் நன்றாகத் தெரிந்தது.

"பெட்டரிக்கு என்ன நடந்த?" என்று சம்பந்தி கேட்டார்.

"லுஹர்ல இருந்து ஏசி போட்டுப் படுத்தாரு" என்றாள் மனைவி.

சம்பந்தி கஞ்சிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "உங்கட வாப்பா இருந்திருந்தா, மச்சான், லுஹரோடயே குறட்டோட வந்திருப்பாரு."