அம்மா வாங்கி வராத விடுகைப் பத்திரம்

எங்கள் அம்மாவின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊரவர்களுக்கும் வணக்கம். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவதே இப்படியான மலர்களின் வழக்கம். நானும் அப்படித்தான் எழுத இருந்தேன். ஆனால் அம்மா கண்மூடுவதற்கு ஒன்பது நாள் முன்பு என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனார். அதைச் செய்யாமல் விட்டால் அவரிடம் எப்படிப் பேச்சு வாங்குவேன் என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

அம்மா பருத்தித்துறைக்குப் பக்கத்தில் உள்ள இந்தக் கடற்கரை ஊரிலேயே பிறந்தவர். ஐந்து பெண்களில் நடுப்பிள்ளை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது; பத்தொன்பது வயதில் திருமணம். அப்பா கடலுக்குப் போவார், அம்மா மீனைச் சந்தைக்குக் கொண்டுபோவார். கறாரான மனுசி என்று சந்தையில் பெயர். வீட்டிலும் அப்படித்தான், தபாற்கந்தோரில் எனக்கு வேலை கிடைத்த பிறகும் அவரிடம் ஏச்சு வாங்காத நாள் குறைவு. ஆனால் பக்கத்து வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று தெரிந்தால், விற்க வைத்த மீனில் நல்லதாகப் பார்த்து எடுத்துப்போய், ஒரு சொல்லும் சொல்லாமல் அவர்களுடைய குசினியில் வைத்துவிட்டு வருவார். அந்த வீட்டார் இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

நாங்கள் மூன்று பிள்ளைகள். அண்ணை படிப்பில் கெட்டிக்காரர். யுத்தம் நடந்த காலத்தில், பட்டணத்தில் தங்கிப் படிக்கட்டும் என்று அவரை அம்மாவே அனுப்பிவைத்தார். ஒரு நாள் காலையில் வகுப்புக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அம்மா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. "அனுப்பினது நான்தானே" என்று அடிக்கடி சொல்வார். கேட்டுக் கேட்டு எங்களுக்கு அது பழகிவிட்டது. பழகியிருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

தம்பி கடைக்குட்டி. எங்கள் ஊரில் நடக்கத் தொடங்கும் பிள்ளை எல்லாம் பந்து உதைக்கும். தம்பி உதைத்தால் கரைவலை இழுப்பவர்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதியிருந்த நேரம், யுத்தம் ஓய்ந்து பாதை திறந்திருந்தது. பட்டணத்துக் கல்லூரி ஒன்றின் விளையாட்டு ஆசிரியர் மோட்டார் சைக்கிளில் எங்கள் வீடு தேடி வந்தார்.

"இவன் இஞ்ச எத்தினை கோல் அடிச்சாலும் ஊர்தான் கைதட்டும், அம்மா. எங்கடை ரீம் வருசா வருசம் கொழும்புக்கு விளையாடப் போகுது. அங்க கழகங்களின்ரை ஆக்கள் வந்து நிண்டு பாப்பினம். பிடிச்சுதெண்டால் வேலையும் குடுத்து எடுப்பினம்" என்றார்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "எங்க தங்கிறது?"

"விடுதி இருக்கு. சாப்பாடு, சப்பாத்து எல்லாம் எங்கடை பொறுப்பு. பழைய பள்ளிக்கூடத்தில விடுகைப் பத்திரத்தை மட்டும் வாங்கித் தாங்கோ. திங்கட்கிழமைக்கு முன்னம் வேணும்."

"வெள்ளிக்கிழமை சந்தை முடிய நானே போய் வாங்கிறன்" என்றார் அம்மா. தம்பி அன்று வீட்டுக்கும் கடற்கரைக்குமாக எத்தனை தரம் ஓடினான் என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா வெறுங்கையோடு வந்தார். "பள்ளிக்கூட அதிபர் தரமாட்டாராம். வாற வருசப் போட்டிக்கு நீ வேணுமாம்."

நாங்கள் நம்பினோம். ஊர்ப் பாடசாலைகளுக்கு இருக்கும் ஒரே பெருமை விளையாட்டுத்தான். நல்ல ஆட்டக்காரனை விடாமல், பத்திரத்தை மேசை லாச்சிக்குள் பூட்டிவைத்த அதிபர்களின் கதையை நாங்களும் கேட்டிருந்தோம். தம்பி நேரில் போய்க் கேட்கிறேன் என்று கிளம்பினான். அம்மா வாசல் படலையில் மறித்தார். "அவரிட்டை நான் பட்டது காணும். நீயும் போய் என்னைக் கேவலப்படுத்தாதை." அவன் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியமும் வாங்கினார்.

அந்த இடம் வேறொரு ஊர்ப் பிள்ளைக்குப் போயிற்று. அந்தப் பிள்ளை கல்லூரி அணியோடு கொழும்புக்குப் போனான். கழகம் ஒன்று அவனைக் கண்டு எடுத்தது. பிறகு மாலைதீவிலும் விளையாடினான். நல்ல பிள்ளை, அவனில் ஒரு பிழையும் இல்லை. தம்பி ஊர்ப் பாடசாலையிலேயே உயர்தரம் படித்து, அணித்தலைவனாக ஒரு ஆட்டம் விடாமல் விளையாடினான். பார்க்கத்தான் வெளியார் ஒருவரும் வரவில்லை. இருபத்துமூன்று வயதில் எப்படியோ முட்டிமோதிக் கொழும்புக் கழகம் ஒன்றில் சேர்ந்தான். பெரிய கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் அதற்குள் அங்கே வேரூன்றிவிட்டார்கள். இரண்டு பருவமும் பெரும்பாலும் மைதானக் கரையில் உட்கார்ந்திருந்தான். பிறகு முழங்கால் போனது, ஊருக்குத் திரும்பினான். இன்று சொந்தப் படகில் தொழில் செய்கிறான்.

பாடசாலை ஒன்று ஒருவனுடைய வாழ்க்கையை மாற்றிவிடுமா என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். ஒருமுறை தம்பியிடமே கேட்டேன். "அங்க போயிருந்தா இதைவிட நல்லா விளையாடியிருப்பன் எண்டில்லை அக்கா. முதல் வருசம் இருத்தியும் வைச்சிருப்பினம். ஆனா நல்லா விளையாடினதை ஆராவது பாத்திருப்பினம்" என்றான். அதற்கு மேல் எனக்கும் விளங்கவில்லை.

இதற்கெல்லாம் பழி முழுவதையும் அதிபர் ஐயா சுமந்தார். பரிசளிப்பு விழாவில் தம்பி அவர் கையால் கிண்ணத்தை வாங்கவில்லை; அவர் நீட்ட நீட்ட, மேசையில் இருந்த தன் பதக்கத்தை மட்டும் தானே எடுத்துக்கொண்டு இறங்கினான். பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுத்த மனுசன் என்று ஊர் அவர் முதுகுக்குப் பின்னால் கதைத்தது. அவர் ஓய்வு பெற்று நெல்லியடிக்குப் போனபோது எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒருவரும் வழியனுப்பப் போகவில்லை. அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தவரை முற்றத்தில் நிற்க விட்டோம். இருங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கடைசி மாதம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். நெஞ்சில் நீர் கட்டியிருந்தது. ஒரு நாள் காலை, நானும் தம்பியும் பக்கத்தில் நிற்கும்போது சொன்னார்.

"அண்டைக்கு நான் பள்ளிக்கூடத்துக்குப் போகேல்லை."

எங்களுக்கு விளங்கவில்லை. அம்மா மூச்சு எடுத்து எடுத்துச் சொன்னார். "வாசல் மட்டும் போனனான். உள்ளுக்குப் போகேல்லை. அதிபரிட்டை ஒண்டும் கேக்கேல்லை. பட்டணம், விடுதி எண்டு சொல்லேக்கை எனக்கு மூத்தவன்ரை முகம்தான் வந்தது. இன்னொண்டையும் அனுப்ப என்னால ஏலாது, ராசா."

"அப்ப ஏனம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றான் தம்பி.

"சொன்னா நீயும் என்னை விட்டுட்டுப் போயிடுவாய் எண்டு பயம்."

தம்பிக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். இரண்டு நாள் அவன் அந்தப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து அம்மாவுக்குக் கஞ்சி பருக்கினான். அம்மா அழுதுகொண்டே குடித்தார்.

அன்றுதான் அம்மா என் கையைப் பிடித்தார். "என்ரை மலர் ஊரிலை எல்லா வீட்டுக்கும் போகும் என்ன? அதில இதை எழுது, பிள்ளை. அந்தப் பொய்யும் எல்லா வீட்டுக்கும் போனதுதானே." எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன்.

அம்மாவை இரவு பகல் பாராமல் கவனித்த தாதியருக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும், பந்தல் போட்டுச் சமைத்துத் தந்த அயலவருக்கும், கடல் கடந்து வந்த சின்னம்மாமாருக்கும் எங்கள் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் குறை நினைக்க வேண்டாம்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் தம்பி நெல்லியடிக்குப் போய் அதிபர் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். தன் மேல் ஏன் அவ்வளவு வெறுப்பு என்று அவருக்கு அதுவரை தெரியாது. எல்லாம் கேட்டுவிட்டு இப்படிச் சொல்லியிருக்கிறார்: "அம்மாவைக் கோவியாதை. ஆனா நீ ஒருக்கா வந்து கேட்டிருக்கலாம், தம்பி. அண்டைக்கே எழுதித் தந்திருப்பன். நீ கொழும்பில விளையாடிறதைப் பாக்க எனக்கும் ஆசை இருந்தது."

ஐயா, பத்திரத்தை நீங்கள் மறுக்கவில்லை. உங்களிடம் யாரும் கேட்கவே இல்லை. இது இந்த ஊருக்குத் தெரிய வேண்டும். அம்மாவை மன்னியுங்கள். கேட்காமல் நம்பிய எங்களையும் மன்னியுங்கள்.