பௌதியின் கண்ணிமை மினுக்கு

கண்ணிமைக்கும் கன்னத்துக்கும் பூசுகிற மினுக்குப் பொடிகளைச் சோதிக்கும் லேபில் எனக்கு வேலை. சால்ட் லேக்கிலிருந்து லேக் கார்டன்ஸ் வீட்டுக்குத் திரும்பும்போது கொஞ்சம் மினுக்கும் டிக்கெட் வாங்காமல் என்னோடு பஸ் ஏறிவிடும். ஒருமுறை சாம்பார்கூட மின்னியது. என் வீட்டுக்காரர் அதைக் கலக்கிவிட்டுச் சாப்பிட்டார்.

போன பூஜைக்கு முந்தைய ஞாயிறு, மேல்வீட்டு பௌதி வந்தார். வங்காளத்தில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் கூப்பிடும் முறையில் அண்ணி, அதிகாரத்தில் மாமியார். நவமியன்று பந்தலில் ஆடப்போகிறாராம். கையில் பந்தல் அலங்காரத்துக்கு வாங்கிய ஜிகினாத்தூள்.

"இதையே இமையில ஒட்டிக்கவா?"

"ஐயோ பௌதி, அது பிளாஸ்டிக். ஓரமெல்லாம் கூர். கண்ணைக் கீறிடும்."

என் பொடியை நீட்டினேன். "இது செயற்கை மைக்கா. உலையில உருக்கிச் செஞ்சது. கண்ணுக்கிட்ட போடலாம்னு சோதிச்ச நிறம்."

"ஏ மா! கெமிக்கலா?" என்று மாடிக்கு ஓடியவர் ஒரு டப்பாவோடு இறங்கினார். மண்ணிலிருந்து எடுத்த காக்காப்பொன்னாம், அதாவது இயற்கை மைக்கா. மூடி முழுக்கப் பச்சை இலைகள்.

எனக்குக் குறும்பு தலைக்கேறியது. பௌதியைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, டீ குடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் கையை இழுத்து இரண்டு பட்டை பூசினேன். ஒன்று பௌதியின் டப்பாவிலிருந்து, ஒன்று என்னுடையது.

"நாளைக்கு பாங்க்ல ஆடிட்டும்மா," என்று முனகினார்.

"அசையாதீங்க."

பௌதி கண்ணாடி மாட்டி, அந்தக் கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பளிச்சென்று மின்னிய பட்டையைத் தொட்டு, "இதுதான் இயற்கை. மண் வாசனை வருது பாரு," என்றார்.

"அது என்னோடது. வாசனை இவரோடது. இன்னும் குளிக்கலை."

பௌதியின் முகம் சுண்டிப்போனது. பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து மாநில மலைகளில் காக்காப்பொன் பொறுக்கக் குழந்தைகளும் போகிறார்கள். குழி சரிந்தால் உள்ளேயேதான். பௌதி டப்பாவிலிருந்த பொடி எங்கிருந்து வந்தது என்று இலைகளுக்கு நடுவே எங்கும் எழுதவில்லை.

"அப்போ உன்னோடதுல பாவமே கிடையாதா?" என்று சட்டென்று மடக்கினார்.

"அப்படிச் சொல்லலை. உலை கரண்ட்டைக் குடிக்கும். கழுவினா சாக்கடைக்குத்தான் போகும், மக்காது. ஆனா பிளாஸ்டிக் இல்லை, கல்லுத்தூள்."

"குழியை மூடிட்டா அந்தப் பிள்ளைங்க சாப்பாட்டுக்கு?"

என் பொடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மறுநாள் வீட்டுக்காரர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார். நவமியன்று சாம்பிராணிப் புகைக்குள் பௌதி என் பொடியோடு ஆடினார். அத்தனை பேரும் அவர் கண்ணைத்தான் பார்த்தார்கள்.

இப்போது அவரோடு மார்க்கெட் போவதுதான் ஆபத்து. எதைத் தொட்டாலும், "இந்த மினுக்கு எந்த ஊர்க் குழியிலேர்ந்து வந்தது?" என்று கடைக்காரரைக் குடைகிறார். கடைக்காரர் விழித்தால், "இதோ, இவ விளக்குவா," என்று பௌதி என் பக்கம் கை காட்டுவார். அதற்குள் நான் பக்கத்துக் கடையில் கத்திரிக்காய் பொறுக்க ஆரம்பித்திருப்பேன்.