பாக் சாமத்தின் கோபம்

வர்சிதியின் சலவைக்கடை மாலாங் நகரத்தில், ஆற்றை ஒட்டிய சந்தின் திருப்பத்தில் இருந்தது. முன்னால் துவைக்கும் இயந்திரங்கள், நடுவில் இஸ்திரி மேசை, பின்னறையில் சுவரோடு சுவராக அடித்த, கண்ணாடி முகப்பு வைத்த ஒரு மரக்கூண்டு. கூண்டுக்குள் தொடை தடிமனில் ஒரு மலைப்பாம்பு படுத்திருக்கும். அதன் பெயர் பாக் சாமத்.

சாமத் என்றால் அங்கே வட்டார அதிகாரி. பாக் என்பது ஆண்களுக்கான மரியாதை. வட்டார அதிகாரியின் பெயரைப் பாம்புக்கு வைக்கலாமா என்று யாராவது கேட்டால் வர்சிதி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டுப் பதில் சொல்வாள்.

"யார் உழைச்சதையோ முழுசா முழுங்குறாரு. அப்புறம் வாரக்கணக்குல தூங்குறாரு. கூப்பிட்டா திரும்பிப் பாக்குறதில்ல. வேற என்ன பேரு வைக்கிறது?"

அவளுக்கு அதிகாரிகள் மேல் அப்படியொரு கோபம் வந்ததற்குக் காரணம் இருந்தது. இளவயதில் ஒரு துணி ஆலையில் தையல் வேலை. நிறைமாதக்காரி ஒருத்தி அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறாள் என்று மேற்பார்வையாளன் அவள் சம்பளத்தைப் பிடித்தான். வர்சிதி தன் இயந்திரத்தை நிறுத்தினாள். பக்கத்தில் இருந்தவள் நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் அந்த வரிசையே ஓய்ந்து நின்றது. பிடித்த சம்பளம் திரும்பக் கிடைத்தது, வர்சிதியின் வேலை போனது. வீட்டுக்கு வந்தவள் ஒரு நாள்கூடப் படுத்து அழவில்லை. ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டியோடு கடையைத் தொடங்கினாள். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி சுமத்ரா சாலையில் கழியும். கடை முழுக்க அவள் கையால் வளர்ந்தது.

பாம்பும் அப்படித்தான். சாக்கடை தூர்வாரியவர்கள் விரல் தடிமனில் ஒரு குட்டியைப் பார்த்து மண்வெட்டியை ஓங்கினார்கள். "என்ன பண்ணிச்சு அது உங்கள?" என்று கேட்டபடியே அவள் குட்டியை வாளிக்குள் தள்ளி மேலே ஒரு துண்டைப் போட்டாள். நகரச் சதுக்கத்தில் ஞாயிறுதோறும் பாம்பு வளர்ப்பவர்கள் கூடுவார்கள். அங்கே போய் ஜார்வோ என்ற இளைஞனிடம் காட்டினாள். அவன் வால் தொடங்கும் இடத்தைத் திருப்பிப் பார்த்தான். இரண்டு பக்கமும் நகம் போலச் சிறு முள் இருந்தது.

"முள்ளு இவ்ளோ பெருசா இருக்கா? சந்தேகமே இல்ல அக்கா, ஆம்பளதான்" என்றான். சதுக்கத்தில் அவன் சொன்னால் அதுதான் தீர்ப்பு.

பாக் சாமத் வளர்ந்தார். கடைக்கு வரும் குழந்தைகள் அவர் முதுகைத் தடவிவிட்டுத்தான் பள்ளிக்குப் போனார்கள். கூண்டைத் திறப்பதற்கு முன் வர்சிதி துடைப்பக் கம்பால் மெதுவாக அவர் உடம்பைத் தொடுவாள். இது சாப்பாடு இல்லை, நான்தான் என்று அதற்கு அர்த்தம். அவரும் நாக்கை நீட்டி முகர்ந்துவிட்டு அவள் தோளில் ஏறிக்கொள்வார். வருடக்கணக்கில் இதில் ஒரு பிசகும் வந்ததில்லை.

அதனால்தான், அன்று காலை கம்பால் தொட்டுவிட்டுக் கையை நீட்டியவுடன் அவர் பாய்ந்து கடித்தபோது, வலிக்கு முன்னால் அவளுக்கு வந்தது வியப்பு. முழங்கைக்குக் கீழே வரிசையாக ஊசி குத்தினாற்போல் ரத்தம் அரும்பியது. அவர் பின்வாங்கிச் சுருண்டு, கொதிக்கும் கெட்டில் போலச் சீறினார்.

கெட்ட நேரமாக, சுதினா துணி மூட்டையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நாலு வீடு தள்ளி இருப்பவள்.

"ஐயோ வர்சிதி! என்ன ஆச்சு இவருக்கு?"

"தெரியல. கண்டுபிடிக்கணும்."

அதே வாரம் சுதினாவின் மகனுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்று மாலையே ஒரு சொல் சந்தில் வீடு வீடாக ஏறி இறங்கியது. பெசுகிஹான். பாம்பு வடிவத்தில் இருக்கும் ஆவியோடு ஒப்பந்தம் போட்டுப் பணக்காரராவது. ஒப்பந்தத்துக்கு ஆவி கேட்கும் விலை உயிர்ப் பலி. பலி தாமதமானால் பாம்பு வளர்த்தவரையே கடிக்கும், அதன்பின் அக்கம்பக்கத்துக் குழந்தையைத் தேடும் என்று சொன்னார்கள்.

"ஒத்தப் பொட்டி வெச்சிருந்தவ. இப்போ மூணு மெஷினு. புதுக் கூரை வேற. எப்படி வரும்?" என்றது ஒரு வாய்.

எப்படி வந்தது என்று அவள் விரல்களைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், எல்லா நுனியிலும் சூட்டுக்காயத் தழும்பு. ஆனால் ஒரு பெண் தன் உழைப்பில் கூரை மாற்றினால் அந்தக் கூரைக்கு அடியில் ஒரு பேய் இருந்தாக வேண்டும். சந்துத் தலைவர் குஸ்னாதி சென்ற வருடம் வீட்டுக்கு மாடி எடுத்தார். எந்தப் பாம்பு கொடுத்தது என்று அவரை யாரும் கேட்கவில்லை.

அவர் சமூகக் கூடத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார். "சலவைக்கடைப் பாம்பு விஷயமாக, ஞாயிற்றுக்கிழமை துப்புரவு வேலை முடிந்ததும் கூட்டம். அதுவரை குழந்தைகளை அந்தக் கடைப் பக்கம் அனுப்ப வேண்டாம்." அறிவிப்பு முடிந்த கையோடு கடைக்கும் வந்தார்.

"தப்பா எடுத்துக்காத வர்சிதி. எனக்கு இதுல நம்பிக்கை இருக்கோ இல்லையோ, அது வேற. சனங்க பயப்படுறாங்க. மந்திரக்காரர் ஒருத்தர் இருக்காரு. பாம்ப அவர்கிட்ட குடுத்துடு, சடங்கு பண்ணிப் புதைச்சுடுவாரு. கதை முடிஞ்சிடும்."

"குடுக்கலன்னா?"

"சந்துல இருக்க விடுவாங்களான்னு நான் உறுதி சொல்ல முடியாது."

"பாக் குஸ்னாதி, நான் பாம்பக் குடுத்தா ஊர் என்ன சொல்லும்? ஒப்பந்தம் உண்மைதான், மாட்டிக்கிட்டா, அதான் குடுத்துட்டான்னு சொல்லும். நாளைக்கு இன்னொரு புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா அப்போ எதைக் கேப்பீங்க? என்னையா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

துணி மூட்டைகள் வருவது நின்றது. பாம்பு கடித்த அன்று சுதினா வாசலில் விட்டுச்சென்ற மூட்டையில் அவள் மகனின் போர்வைகள் இருந்தன. வர்சிதி அவற்றைக் கொதிநீரில் துவைத்து மடித்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனாள். சுதினா கட்டிலுக்கு முன்னால் எழுந்து நின்று வழியை மறித்தாள்.

"கிட்ட வராதே. வெச்சிட்டுப் போ."

வர்சிதி வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினாள். வரும் வழியெல்லாம் அழுகையை விடக் கோபம்தான் பெருகியது. அந்தக் கோபத்தைச் சுதினா மேல் காட்டத் தோன்றவில்லை. பிள்ளை சாகக் கிடக்கும் தாய் எதையாவது பிடித்துக்கொள்வாள். அவள் கையில் இந்தப் பொய்யைத் திணித்தவர்கள் மேல்தான் கோபம்.

ஜார்வோவைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் வந்து கூண்டைச் சுற்றி நடந்து, தாடையைத் தடவினான்.

"கோழிக் கடைக்காரன் துணி துவைக்கிறீங்கல்ல அக்கா? கையில கோழி வாசம் இருந்திருக்கும். சாப்பாடுன்னு நெனச்சிருப்பாரு."

"சாப்பாடுன்னு நெனச்சா கடிச்சதும் விடுவாராடா? புடிச்சுச் சுத்துவாரு. இவரு கடிச்சாரு, விட்டாரு, பின்னால போயிட்டாரு. இது பசி இல்ல. 'கிட்ட வராதே'ன்னு சொல்ற கடி."

'கிட்ட வராதே' என்ற சொல்லைத் தன் வாயிலேயே கேட்டதும் அவளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது.

"தோல் உரிக்கிற நேரமா இருக்கும். கண்ணு மங்கிடும்ல? யாரு என்னன்னு தெரியாம பாய்வாங்க."

"உரிச்சாச்சு. போன வாரமே. கண்ணு கண்ணாடி மாதிரி இருக்கு, பாரு. பூச்சி எதாவது ஒட்டியிருக்கான்னு செதில் செதிலாப் பாத்தாச்சு. புதுசா வாங்குன சோப்பு வாசமோன்னு அதையும் மாத்திட்டேன். முயல் குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. எப்பக் கதவத் தொறந்தாலும் வெளிய வந்து இஸ்திரி மேசைக்கு அடியில போய்ச் சூட்டுல படுத்துக்கிறாரு. சில நேரம் வயித்த மேல திருப்பிப் போட்டுட்டு."

ஜார்வோ சிரித்தான். "வயித்தைக் காட்டிட்டா? நம்ம சாமத்துக்கு அஜீரணம் போல."

வர்சிதி சிரிக்கவில்லை. அவள் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள்.

"டேய், மழைக்காலத்துல கூரை மாத்துனப்ப இவர உன் வீட்டுல விட்டேனே. எங்க வெச்சிருந்த?"

"என்னோட ஆண் பாம்பு கூடத்தான். பெரிய கூண்டு ஒண்ணுதானே இருக்கு. ரெண்டும் ஆம்பளதானேன்னு விட்டேன். அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிப் படுத்திருந்தாங்க அக்கா, ஒரு சண்டை இல்ல."

"ரெண்டு ஆம்பள மலைப்பாம்ப ஒரே கூண்டுல விட்டா என்ன ஆகும்னு சதுக்கத்துல எல்லாருக்கும் பாடம் எடுக்குறவன் நீ. என்ன ஆகும்?"

"கடிச்சுக் குதறிக்…" என்று தொடங்கியவன் வாயை மூடவில்லை. கூண்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா… அந்த முள்ளு…"

"உன் முள்ளத் தூக்கிக் குப்பையில போடு. இத்தனை வருஷமா ஒரு பொம்பளைய ஆம்பளன்னு கூப்பிட வெச்சிருக்க. வயித்துல புள்ளைங்களோட நிக்கிறா. அவ கூண்டுக்குள்ள நான் கைய நீட்டுனா கடிக்காம கும்பிடுவாளா?"

அந்த நேரத்தில் அவளுக்குப் பழைய ஆலையின் நிறைமாதக்காரி நினைவுக்கு வந்தாள். அன்றும் யாரும் காரணம் கேட்கவில்லை, தண்டனையைத்தான் முதலில் எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. வர்சிதி கூந்தலை இறுக்க முடிந்து, தன் நல்ல பத்திக் உடையில் வந்தாள். யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. அவளும் உட்காரவில்லை.

"பாம்பு ஏன் கடிச்சுதுன்னு நீங்க யாரும் என்கிட்ட கேக்கல. நானே சொல்றேன். அது பொட்டப் பாம்பு. சினையா இருக்கு. கொஞ்ச நாள்ல முட்டை போடும்."

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "பாக் சாமத் முட்டை போடுவாரா?"

சிரிப்பு வெடித்தது. குஸ்னாதி கையை உயர்த்தி அடக்கினார். "விளையாட்டு இல்ல இது. போடலன்னா?"

"போடலன்னா கடையப் பூட்டி நானே சந்தை விட்டுப் போறேன். யாரும் தள்ள வேண்டாம். போட்டுட்டா, நீங்க ஒலிபெருக்கியில சொன்னத ஒலிபெருக்கியிலேயே திரும்ப வாங்கணும். இன்னொண்ணு. சுதினா மகனக் கடிச்சது கொசு. பாம்பு இல்ல. கூடத்துக்குப் பின்னால அடைச்சுக் கிடக்கிற சாக்கடைய இன்னிக்குத் துப்புரவுல யாராச்சும் தொட்டீங்களா? எல்லாரும் தெருவக் கூட்டிட்டு என் கதையப் பேச வந்துட்டீங்க. எல்லா வீட்டுலயும் புள்ளைங்க இருக்கு. பலி கேக்குறது எதுன்னு அங்க போய்ப் பாருங்க."

வெளியே வந்ததும் ஜார்வோ அவள் பின்னால் ஓடிவந்தான்.

"ஏன் அக்கா இப்படி வாய விட்டீங்க? நாம நெனச்சது தப்பா இருந்தா? முள்ளப் பாத்து ஏமாந்தவன் நான். சூட்டையும் வயித்தையும் பாத்து நீங்க ஏமாந்திருந்தா?"

"ஏமாந்திருந்தா போறேன். காரணத்தோட சொல்லிட்டுத் தோத்துப் போறது எனக்கு அவமானம் இல்ல. மந்திரக்காரன்கிட்ட மூட்டை கட்டிக் குடுக்குறதுதான் அவமானம்."

சொல்லிவிட்டாளே தவிர, அடுத்து வந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. கூண்டுக்குள் ஈரப்பாசியைப் பரப்பினாள், இஸ்திரி மேசைச் சூட்டைப் போலவே ஒரு விளக்கைக் கட்டினாள், கண்ணாடிக்கு மேல் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டாள். அதன்பின் கையை உள்ளே நீட்டவில்லை. கணவர் தொலைபேசியில் "வந்துடட்டுமா?" என்றார். "வந்து நீங்க என்ன, அடை காக்கப் போறீங்களா? லோடை எறக்கிட்டு வாங்க" என்றாள். துவைக்கத் துணி இல்லாததால் தன் வீட்டுத் திரைச்சீலைகளையே திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டாள். மெஷின் சத்தம் இல்லாத கடையில் சீறல் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்கு இப்போது பிடித்திருந்தது.

ஒரு காலை சீறல் மாறியிருந்தது. கனத்த, நிறுத்தாத ஒலி. கறுப்புத் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பாம்பு கூம்பு போலச் சுருண்டிருந்தது, தலை உச்சியில். சுருள்களின் இடுக்கில் வெள்ளையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு முட்டைகள். எத்தனை என்று எண்ணப் பாம்பு விடவில்லை.

வர்சிதி தெருவுக்கு ஓடவில்லை. முகம் கழுவி, கடைக் கதவை அகலத் திறந்துவைத்து இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்றாள். முதலில் வந்தது சுதினா. மகன் தேறி, அன்றுதான் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தாள். பையனைத் தெருவில் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே வந்தாள். துணியைத் தூக்கிப் பார்த்தாள். பாம்பு கண்ணாடியில் மூக்கு மோதப் பாய்ந்தது. சுதினா பின்வாங்கவில்லை.

"ஆஸ்பத்திரில ஊசி போட வந்த நர்ஸக்கூட நான் கடிக்காத குறைதான்" என்றாள் மெல்ல. பிறகு, "உன்னையும்தான்."

"எனக்கு ரெண்டு பேரு கடியும் ஆறிடுச்சு" என்றாள் வர்சிதி, முழங்கையைக் காட்டி. "போ, பையனக் கூட்டிட்டு வா. தூரத்துல நின்னு பாக்கட்டும்."

மதியத்துக்குள் சந்தே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. குஸ்னாதி கடைசியாக வந்தார், நீண்ட நேரம் குனிந்து பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"முட்டைதான்."

"ஒலிபெருக்கி, பாக் குஸ்னாதி."

"நேர்ல எல்லாரும் பாத்துட்டாங்களே வர்சிதி…"

"என் பேரு கெட்டது ஒலிபெருக்கியில."

அவர் போனார். வர்சிதி கடைவாசலில் நின்றாள், பக்கத்தில் சுதினா. ஒலிபெருக்கி கரகரத்து உயிர் பெற்றது.

"எல்லாருக்கும் அறிவிப்பு. பாக் சாமத்… மன்னிக்கவும், இபு சாமத், முட்டையிட்டிருக்கிறார். தாயும் முட்டைகளும் நலம்."

சந்து முழுக்க வீட்டுக்கு வீடு சிரிப்பு கேட்டது. ஐயா ஒரே நாளில் அம்மாவானதை யாராலும் தாங்க முடியவில்லை. வர்சிதி மட்டும் சிரிக்காமல், தலையைச் சாய்த்து, அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள்.

ஒலிபெருக்கி இருமியது.

"வர்சிதியைப் பற்றிச் சொல்லப்பட்டது பொய். பொய்யை விசாரிக்காமல் கூட்டம் போட்டது என் தவறு. நாளைக் காலை கூடத்துக்குப் பின்னாலுள்ள சாக்கடையைச் சுத்தம் செய்கிறோம். மண்வெட்டியோடு வாருங்கள்."

அப்போதுதான் அவள் சிரித்தாள். உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியின் செருகியைச் செருகினாள்.

"சுதினா, மூட்டை எங்க? எடுத்துட்டு வா. சத்தம் போடாம வா, உள்ள ஒருத்தி அடை காக்குறா."