பேர் சொல்லிப் போட்ட கறி

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு மேல் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் நிம்மதி கிடையாது. மூன்றாவது மாடியில் அண்ணி மாட்டுக்கறி வைக்கிற வாசனை படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கிவிடும். இனிமேல் கறியே தொடமாட்டேன் என்று டாக்டருக்கு வாக்குக் கொடுத்திருந்த எதிர்வீட்டு வாத்தியார், காரணமே இல்லாமல் கதவைத் திறந்து திறந்து மூடுவார்.

அண்ணி என்று முதலில் கூப்பிட்டது கணவரின் தம்பி. அவனைப் பார்த்து கணவரின் கூட்டாளிகள், அவர்களைப் பார்த்து கறிக்கடைக்காரர், கடைசியில் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை ஊருக்கே அண்ணியாகிவிட்டாள். கணவர் அவளை 'இந்தாம்மா' என்பார். மற்றவர்களிடம் பேசும்போது 'உங்க அண்ணியைக் கேளுங்க' என்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் கயிற்றையும் கடவுளையும் நம்பி இருட்டுக் குழிக்குள் தொங்குகிற வேலை.

அண்ணிக்கு வீட்டிலேயே தையல். பள்ளிக்கூடத்துக்கும் கம்பெனிகளுக்கும் சீருடை தைப்பாள். நாற்பது பேருக்கு ஒரே நிறத் துணி வெட்டும்போது அளவு மாறாமல் இருக்க அவளிடம் ஒரு வழி உண்டு. கத்தரிக்கோலை வைக்கும்போதே அந்த ஆளின் பேரை வாய்விட்டுச் சொல்லிவிடுவாள். பேர் சொல்லி வெட்டிய துணி ஒருநாளும் ஆள் மாறிப் போனதில்லை.

அதே பழக்கம் அடுப்படிக்கும் வந்துவிட்டது. தொடைக்கறியும் நெஞ்செலும்பும் கலந்து வாங்கி, தானே துண்டு போடுவாள். அடிகனமான பெரிய சட்டியில் வெங்காயம் நன்றாகச் சிவந்து, இஞ்சியும் பூண்டும் பச்சை வாசனை போன பிறகு, இரண்டு கையாலும் கறியை அள்ளுவாள். ஓர் அள்ளு ஓர் ஆளுக்கு. இது அவருக்கு, இது தம்பிக்கு, இது பெயிண்டருக்கு, இது குண்டூசிக்கு என்று சொல்லிச் சொல்லிச் சட்டியில் போடுவாள். அதற்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றமாட்டாள். கறி விடுகிற தண்ணீரிலேயே கறி வேக வேண்டும். சின்னத் தீயில் இரண்டரை மணி நேரம். மிளகுத்தூளும் பாதி உப்பும் கடைசியில்தான். பங்கு வைக்கும்போது ஆளுக்கு இத்தனை துண்டு என்று பிசகாமல் வரும்.

பெயிண்டரும் குண்டூசியும் கணவரின் கூட்டாளிகள், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள். குண்டூசி எலெக்ட்ரீஷியன். உடம்பு ஒல்லி, வாய் மட்டும் குத்தும், அதனால் அந்தப் பேர். இருபது வருஷமாக ஞாயிறு தவறாமல் வந்தவன். ஒரு ஞாயிறு எல்லோர் முன்னாலும், "அண்ணி, இன்னிக்குக் கறியா, செருப்பா?" என்று கேட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். ஆனால் வாரம் முழுக்க தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து அந்தச் சிரிப்பையே மென்றுகொண்டிருந்தாள். கிழட்டு மாட்டைக் கறிக்கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார், அதற்கு நான் என்ன செய்வேன் என்று அவளுக்குள் பொங்கியது.

அடுத்த ஞாயிறு, நான்காவது அள்ளைக் கையில் எடுத்தவள் சட்டிக்கு மேலே நிறுத்தினாள். "இன்னிக்கு உனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, அந்தக் கறியைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். பிறகு மற்ற மூன்று பேர் பங்கிலிருந்து ஒவ்வொரு துண்டு குறைத்துக் குண்டூசிக்கு வைத்தாள். யாருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைத்தாள். குண்டூசி தட்டை ஒருமுறை பார்த்தான், அவளை ஒருமுறை பார்த்தான், பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

புதன்கிழமை ஒரு கடையின் கூரைக்கு வயர் இழுக்கும்போது மின்சாரம் அடித்து ஏணியிலிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

சாவு வீட்டில் அண்ணிக்கு அழுகை வரவில்லை. நான் பேர் சொல்லவில்லை, ஆள் இல்லை. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காமல் நம்பிவிட்டால் அது இன்னும் மோசம்.

அடுத்த ஞாயிறு கறி வேண்டாம் என்றாள். கணவர் கேட்கவில்லை. ஆளாளுக்கு வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைவிட ஒன்றாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடலாம் என்றார். மூன்று பேர் சொல்லி மூன்று அள்ளு போட்டாள். ஒருமுறைக்கு இருமுறை எண்ணியும் பார்த்தாள், இருபத்துநாலு துண்டு. ஆளுக்கு எட்டு வைத்தாள். வைத்து முடித்துச் சட்டியைப் பார்த்தால் உள்ளே இன்னும் எட்டுத் துண்டு கிடந்தது.

எண்ணுவதில் தப்பு வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு தட்டை எடுத்து, குண்டூசி உட்காரும் நாற்காலிக்கு முன்னால் வைத்து, மிச்சத்தை அதில் போட்டார். பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டார். தம்பி தண்ணீர் குடிப்பதுபோல எழுந்து போனான். எல்லோரும் கிளம்பிய பிறகு, எடுத்து வைக்கும்போது அந்தத் தட்டிலிருந்து ஒரு துண்டை வாயில் போட்டாள். உப்பு இல்லை, உறைப்பு இல்லை, எதுவுமே இல்லை. பழைய துணியை மெல்வதுபோல இருந்தது. மற்ற மூவரும் அதே சட்டிக் கறியைத்தான் விரலை நக்கிச் சாப்பிட்டார்கள்.

மறு ஞாயிறும் அப்படித்தான். அதற்கு மறு ஞாயிறும். சட்டியை மாற்றிப் பார்த்தாள், கறிக்கடையை மாற்றிப் பார்த்தாள். தராசு கடன் வாங்கி நிறுத்துப் பார்த்தாள். மூன்று பேருக்குப் போட்டால் நாலு பேருக்கு வந்தது. சட்டி வேகும்போது மூடியைத் திறக்கவே அவளுக்குப் பயமாகிவிட்டது. பட்டப்பகலில், ஜன்னல் வெளிச்சம் அடுப்பு மேடை முழுக்க விழுந்திருக்கும்போது, ஹாலில் மூன்று ஆண்கள் சீட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது, தன் தோளுக்குப் பின்னால் ஒருவர் பங்குக்காக நிற்பதுபோல இருக்கும். திரும்பினால் துடைப்பமும் கேஸ் சிலிண்டரும்தான் இருக்கும். சிலிண்டருக்கு முன்னால் மன்னிப்புக் கேட்ட பெண் இந்த உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இதைவிடப் பெரிய பயம் வேறு ஒன்று இருந்தது. செத்தவன் வருவதை எப்படியாவது பொறுத்துக்கொள்ளலாம். இருக்கிறவர் பேரைச் சொல்ல மறந்துவிட்டால் என்ன ஆவது? கணவர் பேரை ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லிப் போட ஆரம்பித்தாள். மூன்று தடவை சொன்னோமா, இரண்டா என்று அதிலேயே சந்தேகம் வந்தது. ஒரு ஞாயிறு பாதியில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு வந்தவளுக்கு 'இது அவருக்கு' என்று சொன்னோமா இல்லையா என்பது அடியோடு மறந்துவிட்டது. அரைவேக்காட்டுக் கறியைச் சட்டியிலிருந்து மொத்தமாக வாரி எடுத்து, ஆறவைத்து, மறுபடி ஒவ்வொரு பேராகச் சொல்லிப் போட்டாள். அன்றைக்குச் சாப்பாடு நாலரை மணிக்கு. பசியில் கணவர் கத்தினார். அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். கத்துகிறவர் உயிரோடு இருக்கிறார் அல்லவா.

சமைப்பதையே விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது. சமைக்காவிட்டால் யார் பேரையும் சொல்லமாட்டாள். அப்படியானால் எல்லோருக்குமே பங்கு இல்லாமல் போய்விடும்.

அந்த நிலையில்தான் கணவர், திங்கட்கிழமை புது ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் வேலை, பதினெட்டு மாடிக் குழி, மேலிருந்து கீழே வரை கம்பி போட வேண்டும் என்று சாதாரணமாகச் சொன்னார். அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. போகவேண்டாம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் காய்ச்சலா என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஞாயிறு அன்று, கறி வெட்டிக்கொண்டிருக்கும்போது குண்டூசியின் மனைவி வந்தாள். சலவைக் கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம் அதிகம். அதனால் கணவன் இருந்தவரை ஒருநாளும் இந்தச் சாப்பாட்டுக்கு வந்ததில்லை. இப்போது லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். சும்மா இருக்க முடியாமல் அடுப்படிக்குள் நுழைந்து வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் அண்ணியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். செருப்பு என்று சொன்னது, கோபம், நிறுத்தின அள்ளு, சொல்லாமல் விட்ட பேர், ஞாயிறு ஞாயிறு கூடுதலாக வருகிற எட்டுத் துண்டு, உப்பில்லாத கறி, நாளைக்குப் பதினெட்டு மாடி. சொல்லி முடித்து, அடிப்பதானால் அடி என்பதுபோல நின்றாள்.

குண்டூசியின் மனைவி ரொம்ப நேரம் வெங்காயத்தையே நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணீர் எதனால் வந்தது என்று சொல்ல முடியவில்லை.

"அவரு அன்னிக்கு வந்து சொன்னாருக்கா," என்றாள் கடைசியில். "அண்ணி எனக்குக் கறியைக் குறைச்சுட்டாங்க, என் வாய்க் கொழுப்பு, அடுத்த வாரம் போய்க் கால்ல விழணும்னு சொல்லிச் சிரிச்சாரு. எலெக்ட்ரிக் கம்பி அடிச்சுத்தான் போனாரு. அந்தக் கடைக்காரன் மெயினை ஆஃப் பண்ணாம விட்டுட்டான். நான் யாரை ஏசணும்னு எனக்குத் தெரியும். அந்த இடத்துல நீங்க வந்து நிக்காதீங்க."

அண்ணி விம்மினாள். இருந்தாலும் பேர் சொல்லாமல் விட்டேனே என்றாள் மறுபடியும்.

"சரிக்கா. இத்தனை வருஷத்துல உங்க பேரை எப்பவாச்சும் சொல்லிப் போட்டிருக்கீங்களா?"

அண்ணிக்குக் கேள்வி முதலில் புரியவில்லை. தனக்கு எதற்கு? எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியிலேயே சோற்றைப் போட்டு, ஓரத்தில் ஒட்டியிருப்பதைத் துடைத்துச் சாப்பிடுவாள். தனக்கென்று தனியாக அள்ளியது கிடையாது.

"இல்ல," என்றாள்.

"பேர் சொல்லலன்னா ஆள் போயிடும்னா, நீங்க எப்பவோ போயிருக்கணுமே."

அண்ணி சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். நெஞ்சிலிருந்த கல் இறங்கியது உண்மை. கொலைகாரி இல்லை, நாளைக்குக் கணவர் குழியில் இறங்கினால் கயிறுதான் அவரைத் தாங்க வேண்டும், தன் வாய் அல்ல. ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தன்னை அறியாமல் ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டைப் பிடித்து, நாடி ஓடுகிறதா என்று பார்த்தாள். கொஞ்ச நேரம் தேட வேண்டியிருந்தது.

"அந்த எட்டுத் துண்டு அவரோடது இல்லக்கா," என்றாள் குண்டூசியின் மனைவி, மெதுவாக. "அவரு இருந்தா உப்பில்லாததைத் தொடவே மாட்டாரு. உங்க பேர் என்ன?"

அண்ணி சொன்னாள். ரொம்ப நாள் பெட்டியில் மடித்துக் கிடந்த துணியை உதறினதுபோல ஒரு மாதிரி வந்தது அந்தப் பேர். அழகான பேராக இருக்கிறதே என்றாள் மற்றவள்.

வெங்காயம் சிவந்தது. இஞ்சி, பூண்டு போட்டு வதக்கினாள். இது அவருக்கு என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அதற்குமேல் சொல்லவில்லை. இது தம்பிக்கு. இது பெயிண்டருக்கு. இது உனக்கு என்று குண்டூசியின் மனைவியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு இரண்டு கையும் நிறைய, எலும்போடு சேர்த்து, மற்ற எல்லா அள்ளையும்விட ஒரு துண்டு கூடுதலாகவே அள்ளினாள். சட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு, தன் பேரை, துணி வெட்டும்போது சொல்வதுபோல உரக்கச் சொன்னாள்.

ஹாலில் சீட்டாட்டச் சத்தம் நின்றது. பெயிண்டர் ஏதோ கேட்டார், தம்பி தெரியவில்லையே என்றான். பிறகு கணவரின் குரல் வந்தது.

"இந்தாம்மா, யாரு அது? வேற யாராச்சும் சாப்பிட வர்றாங்களா?"

அண்ணி கறியைச் சட்டியில் போட்டாள். குண்டூசியின் மனைவி அவள் முகத்தைப் பார்க்காமல் தீயைக் குறைத்தாள்.

"ஆமாங்க," என்றாள் அண்ணி. "ஒருத்தி வர்றா."

அவர் நாற்காலியை நகர்த்தி எழுவது கேட்டது. வருகிறவள் வெளியே காத்து நிற்கக் கூடாது என்று போய் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, மறுபடி வந்து சீட்டை எடுத்துக்கொண்டார்.