பெர்த்திலிருந்து வந்த புல்லுப் படம்

அக்டோபர் மாதம். இத்தாலியில் நான் பார்த்துக்கொள்கிற வீட்டு அம்மா, சின்யோரா, சில நாளாக வடிவாகச் சாப்பிடவில்லை. தொலைபேசி அடித்தாலே விசா பார்க்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவிலிருந்துதான் என்று நடுங்குகிறவள் நான். வேலை செய்கிற வீட்டில் தொண்ணூறு வயது மனுசி தட்டைத் தள்ளிவைத்தால் எனக்கு நித்திரை வருமா?

"மரித்தோர் பூசை வருகுது, ஜெசிந்தா. இந்த முறையும் சேர்ச்சிலை அவரின்ரை பேர் வாசிக்க மாட்டினம்," என்றா.

அவர் என்றது சின்யோராவின் பூட்டன். கப்பலில் வேலை செய்தவர். லண்டனில் குளிர்க் கோட்டு ஒன்றைக் களவெடுத்துப் பிடிபட்டு, கைதியாக ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றப்பட்டவர். அதோடு சேதி இல்லை. பூட்டி சாகும்வரை விதவைக் கறுப்பு உடுக்கவில்லையாம். வீட்டில் ஒருவரும் அவர் பேரைப் பூசைக்குக் குடுக்கவும் இல்லையாம்.

சின்யோராவின் மகள் சிரித்தா. "அம்மா, அந்த மனுசன் இன்னும் உயிரோடை இருக்கிறாரெண்டோ நினைக்கிறீங்கள்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தம்பி இலங்கையில் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். மன்னாரில் அம்மா இன்றைக்கும் அவன் பேரைப் பூசைக்குக் குடுக்க விடமாட்டா. அவன் கிடக்கிற இடம் தெரியாமல் குடுத்தால் நாங்களே அவனைச் சாக்காட்டின மாதிரி. இது சின்யோராவுக்கும் தெரியும்.

ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிற மச்சாளுக்குப் போன் எடுத்து, பூட்டனைப் பற்றி விசாரிக்கச் சொன்னேன்.

"நீ அங்கை சமைக்கப் போனனியோ, சி.ஐ.டி. வேலைக்குப் போனனியோ?" என்று ஏசினா. ஆனாலும் போனா. நூலகத்தில் ஒரு பிள்ளை பழைய பதிவுகளைத் தேடிக் குடுத்ததாம். தண்டனை முடிந்து, ரோட்டு வேலை செய்து, ஏழைகள் விடுதியில் செத்திருக்கிறார். கல்லறை இல்லை. புதைத்த இடத்தில் மச்சாள் மெழுகுதிரி கொளுத்திப் படம் அனுப்பினா. வெறும் புல்லு.

காட்டினால் அவவுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயத்தில், பிரஷர் குளிசையை விழுங்கப்பண்ணிவிட்டுத்தான் போனை நீட்டினேன்.

சின்யோரா விரலால் படத்தைப் பெருப்பித்தா. கனநேரம் பார்த்தா.

"நல்ல பச்சை," என்றா. "பாஸ்தாவைச் சூடாக்கு."

கோவிலுக்குக் குடுக்கிற துண்டில் பூட்டனின் பேரை எழுதினா. பிறகு பேனையை என் பக்கம் நீட்டினா.

"தம்பியின்ரை பேரையும் எழுதன்."

"வேண்டாம், சின்யோரா. எங்களுக்கு இன்னும் புல்லும் கிடைக்கேல்லை."

வயது போனவர்களைப் பார்க்கிற வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லுவது இவ்வளவுதான்: காத்துக்கொண்டிருக்கிற ஆளிடம், போனது போகட்டும் என்று சொல்லாதையுங்கோ. சின்யோரா எனக்கு அப்படிச் சொல்லவில்லை. பேனையை மூடி வைத்தா.

"உனக்கும் ஒரு தட்டுப் போட்டுக்கொண்டு வா," என்றா.