துண்டு போடாத இட்லி

பிள்ளைகளே, எங்கள் மகள் ரூத் படிப்பை விட்டுவிட்டு வர இருந்தாள். ஆண்டவர் எங்களுக்கு எப்படி உதவினார் என்று உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

நான் காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் ரூத். போன ஆகஸ்டில் கோயம்புத்தூரில் விடுதியில் சேர்த்தோம். சில வாரங்களிலேயே போனில் அழுதாள்.

"யாரும் என்னாண்ட பேசறதில்லபா. தனியாத்தான் சாப்புடறேன். வந்துடறேன்பா."

எனக்கு வேலை ஓடவில்லை. காலை வெயிலில் காயும் நூல் கத்தைகள் காற்றில் ஆடினால் அவள் பின்னல் ஆடுவது போல இருக்கும். நீலத் தொட்டியில் நூலை முக்குவேன். "ஆண்டவரே, அங்கே அவளுக்கு ஒரு கதவு திறக்கட்டும்" என்பேன். மறுபடியும் முக்குவேன்.

பார்த்துவிட்டு வரப் புறப்பட்டேன். என் மனைவி மேரி குடலை இட்லி செய்தாள். மூங்கில் கூடையில் இலை விரித்து, மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு வேகவைக்கிற ஒரே பெரிய இட்லி. "ஆறினதும் துண்டு போட்டு எடுத்துக்கினு போங்க" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனாள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நான் அதை முழுசாகவே இலையில் சுற்றி, மிச்சமிருந்த நீலப் பட்டு நூலால் கட்டினேன்.

விடுதி வாசலில் பொட்டலத்தைக் கொடுத்ததும் ரூத் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பவே இட்டுக்கினு போபா."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாரும்மா. அப்பவும் முடியலன்னா நானே வந்து இட்டுக்கினு போறேன்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே வயல்கள் தண்ணீருக்குள் கிடப்பது போலத் தெரிந்தன. நான் ஜெபித்தேனா, தூங்கினேனா, தெரியவில்லை. யாரோ என் தலையில் கை வைத்தது போல இருந்தது. விழித்தேன். போன் அடித்துக்கொண்டிருந்தது. ரூத்துதான். பின்னால் ஒரே சிரிப்பு.

"இன்னாபா, துண்டு போடாம குட்த்துட்ட? கத்தி கேட்டு ஒவ்வொரு ரூமா தட்டினேன். ஒருத்திகிட்டயும் இல்ல. எல்லாரும் வேடிக்க பாக்க வந்துட்டாங்க. கடைசில நீ கட்டின நூலாலதான் அறுத்தோம்."

நடுவில் வேறொரு குரல் புகுந்தது. பக்கத்து அறை ஷீலா, திருநெல்வேலிக்காரி. "அங்கிள், இது இட்லியா, தலகாணியா?"

பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அழுதேன். நான் ஒரு கதவைத்தான் கேட்டேன். ஆண்டவர் அந்த வராந்தா முழுவதும் திறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரூத் சொன்னாள்: "வர வேணாம்பா." இப்போது புதிதாக யாராவது தனியாகச் சாப்பிட்டால், தட்டை எடுத்துக்கொண்டு இவளே பக்கத்தில் போய் உட்கார்கிறாளாம். ஸ்தோத்திரம்!

பிள்ளைகளே, நீங்களும் அப்படித் தனியாக இருந்தால் ஆண்டவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுந்து போய் ஒரு கதவைத் தட்டுங்கள். அவர் கூடவே வருவார்.

மேரி இன்னும் குடலை இட்லி செய்து அனுப்புகிறாள். நான் துண்டு போடுவதில்லை. நூலை மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டுக் கட்டுகிறேன்.