பரீதாவின் குறிப்புகளோடு மருதமுனையில் மூன்று நாள்

போர் முடிந்த அடுத்த வருடம், ஓகஸ்ட் மாதத்தில், கண்டியிலிருந்து மருதமுனைக்குப் போனேன். வேலை விஷயம்தான். நான் நூலகர். ஆய்வு எழுதுகிறவர்கள் பார்த்த நூல், கட்டுரை விவரங்களைச் சேர்த்துவைத்து உசாத்துணைப் பட்டியலாகத் தரும் மென்பொருள் ஒன்றை எங்கள் நூலகமும் கல்முனை, மருதமுனை நூலகங்களும் பாவித்து வந்தோம். அது பழசாகிவிட்டது. இணையத்தில் இயங்கும் புதியதற்கு மாறுவதா என்று கூடிப் பேச வேண்டியிருந்தது.

பழையதில் பெரும்பாலான பதிவுகளைச் செய்தவள் மருதமுனை நூலகத்தில் இருந்த பரீதா, என் சிநேகிதி. சுனாமியில் அவளும் போனாள், கடலோரத்திலிருந்த நூலகமும் போனது. அவள் அவ்வப்போது அனுப்பிய பிரதி கண்டியில் இருந்ததால் பதிவுகள் மிஞ்சின; புதிய நூலகத்துக்கும் அதையே அனுப்பிவைத்தோம். அதன்பின் சண்டையும் சோதனைச் சாவடிகளுமாக இருந்ததில் அந்தப் பக்கம் போக எனக்கு வாய்க்கவேயில்லை.

கண்டியில் காலை ஆறரைக்கு பஸ். மஹியங்கனை வளைவுகள் வயிற்றைப் பிரட்டும். முன் இருக்கை பிடியுங்கள். அம்பாறை தாண்டினால் இருபுறமும் சிறுபோக நெல் அறுவடை. ஒன்றரை மணிக்குக் கல்முனை. அங்கிருந்து மருதமுனை ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர். ஓட்டோ பிடித்தேன்.

"லைப்ரரி இப்ப மெயின் ரோட்டுலதான் இரிக்கி. பழையது கடலோட போயிட்டு," என்றார் ஓட்டோக்காரர்.

"ஓம், தெரியும். கடற்கரையால போவமா?"

அவர் ஓட்டோவைக் கடற்கரைப் பக்கம் திருப்பினார். பழைய இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது, பக்கத்தில் இரண்டு தோணிகள். பரீதா உட்காரும் யன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். பிடிபடவில்லை.

புதிய நூலகத்தைப் பரீதாவின் கணவர் நவாஸ் பார்த்துக்கொள்கிறார். கல்முனை நூலகத்திலிருந்து தெரேசா வந்திருந்தார். "புதுசெண்டா புள்ளையள் வீட்டயிருந்தே பார்க்கலாம்," என்றார் அவர். ஒத்திகையாகப் பழைய பதிவுகளை ஏற்றிப் பார்த்தோம். ஆங்கில எழுத்தில் இருந்த தலைப்புகள் ஒழுங்காக வந்தன. ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே பரீதா பழைய எழுத்துருவில் எழுதிய தமிழ்க் குறிப்புகள் எல்லாம் பொருளற்ற குறிகளாகிவிட்டன. பழைய மென்பொருளின் திரையில் அவை அப்படியே இருந்தன: 'வாய்க்கால் படம் தெளிவில்லை. நீலாவணைப் பள்ளிக்கூடத்தில் நல்ல பிரதி உண்டு.' 'மாலா கேட்டால் இரண்டாம் அத்தியாயத்தைக் காட்டு.' மாலா நான்தான்.

இன்னும் ஒரு வருடம் பழையதோடு இருப்போம் என்றேன்.

"வேணாம் தங்கச்சி," என்றார் நவாஸ். "அந்த எழுத்த வாசிக்கிற பழைய கம்பியூட்டர் இது ஒண்டுதான், எப்ப நிக்கும் எண்டு தெரியா. நிண்டா அவட எழுத்தும் போயிடும். புதுசையே எடுங்க. குறிப்ப நாம தட்டுவம்."

அப்படியே முடிவாயிற்று. ஒரு நாள் வேலைக்கு வந்தவள் மூன்று நாள் நின்றேன். அவர் வாசிக்க, நான் தட்டினேன். முதல் நாள் மாலை திரையைப் பார்த்தவர், "அவ எழுதினதுக்குக் கீழ உங்கட பேர் வருதே," என்றார். யார் உள்ளே நுழைந்து எழுதுகிறாரோ அவர் பெயரைத்தான் மென்பொருள் போடும். அன்று தட்டியதை அழித்துவிட்டு, பரீதா பெயரில் ஒரு கணக்குத் திறந்து, மறுநாள் முதலிலிருந்து தொடங்கினோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கல்முனையில் தங்குமிடம் குறைவு. நான் பெரியநீலாவணையில் உறவினர் வீட்டில் தங்கினேன். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் பூட்டியிருக்கும். மென்பொருள் மாற்ற யோசிக்கும் நூலகர்கள் தலைப்புகள் வந்ததைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். குறிப்புகள் வருகின்றனவா என்று பாருங்கள். ஆள் இருக்கும் இடம் அதுதான்.

கடைசி நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் வேலை முடிந்தது. திரையின் ஓரத்தில், உள்ளே இருப்பவர்கள் பெயர் வரும் இடத்தில், ஒரு பச்சைப் புள்ளி: 'பரீதா, இப்போது இணைப்பில்.' நவாஸ் கதிரையை இழுத்து அதன் முன்னால் உட்கார்ந்தார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"மூடவா நாநா?"

"கொஞ்சம் இரிக்கட்டும்."

நான் பையை அங்கேயே வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்க வெளியே போனேன்.